தணிகை மலை ஏற ஃபோர் வீல் வேண்டுமா?

திருத்தணி முருகனைப் பார்க்க நடந்து போகிறவர்களுக்கு 365 படிகள். வண்டியில் போகிறவர்களுக்கு மலைமேல் ஏறும் தார்ச்சாலை. அந்தச் சாலையில் நாள்தோறும் ஆட்டோவும் பழைய மாருதியும் ஆள் நிரம்பிய வேனும் ஏறி இறங்குகின்றன. அவற்றில் ஒன்றுக்கும் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. நடுநடுவே இப்போதெல்லாம் மகிந்திரா தார், மாருதி ஜிம்னி, கட்சிக்கொடி கட்டிய புது ஃபார்ச்சூனர் என்று ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் வருகின்றன, பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியரோடு. அடிவாரத்தைத் தாண்டியதும் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு யோசனை எழும்: "மலையாச்சே, ஃபோர் வீல்ல போட்டுக்கலாமே?"

நான் மேலே பெயர் சொன்ன வண்டிகளில் போடக்கூடாது. ஆனால் நான்கு சக்கர இயக்கம் உள்ள எல்லா வண்டிக்கும் இந்தப் பதில் பொருந்தாது. ஃபார்ச்சூனர் என்ற ஒரே பெயரிலேயே போடலாம் என்ற வண்டியும் இருக்கிறது, போடக்கூடாது என்ற வண்டியும் இருக்கிறது. எது எப்போது என்பதை ஓட்டுகிறவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கியர் தானாக மாறுகிறதே, இதுவும் தானாக மாறிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆட்டோமேட்டிக் என்பது கியர் பெட்டியைப் பற்றிய செய்தி மட்டும்தான். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கியர் பெட்டிக்குள் போகிறது; வேகத்துக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் தானே மாறுகிறது. அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி. கியர் பெட்டியிலிருந்து வரும் சக்தியைப் பின் ஆக்சிலுக்கு மட்டும் அனுப்புவதா, முன் ஆக்சிலுக்கும் சேர்த்து அனுப்புவதா என்பது அங்கே முடிவாகிறது. தார், ஜிம்னி வண்டிகளில் அதற்கென்று தனியாக ஒரு சின்ன லீவர் இருக்கிறது. ஃபார்ச்சூனரிலும் ஸ்கார்ப்பியோ-என்னிலும் அந்த வேலையை மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் செய்கிறது. லீவரானாலும் திருகானாலும் சுவிட்சானாலும் முடிவெடுப்பது ஓட்டுநரின் கை.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1941-இல் வந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பில் மெயின் கியர் ராடுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி ராடுகள் இருந்தன. ஒன்று முன் ஆக்சிலைச் சேர்க்க, பிரிக்க. மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட. இரண்டாவது ராடைத் தாழ்த்தினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை 1.97 மடங்காகும். முன் ஆக்சிலைச் சேர்க்காமல் அதைத் தாழ்த்த முடியாதபடி உள்ளேயே ஒரு தடுப்பும் வைத்திருந்தார்கள், அத்தனை இழுவையும் பின் ஆக்சில் மேல் மட்டும் விழக்கூடாது என்பதற்காக. 1940-களின் கடைசியில் மகிந்திரா அந்த ஜீப்பை இங்கே பாகங்களைப் பூட்டித் தயாரிக்கத் தொடங்கியது. 1985-இல் வந்த மாருதி ஜிப்சியின் ஆரம்ப வண்டிகளில் ஓட்டுநர் கீழே இறங்கி, முன் சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்டவேண்டும். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லி வழியாக ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர்களுக்கு இந்த ராடுகளின் சங்கதி கைப்பழக்கம். அவர்களிடம் ஆட்டோமேட்டிக் கிடையாது; எந்தக் கல்லில் எந்த ராடைத் தொடவேண்டும் என்பதில் சந்தேகமும் கிடையாது.

ஆட்டோமேட்டிக் கியரும் நான்கு சக்கர இயக்கமும் நம் ஊரில் நெடுநாள் அரிதாகவே ஒன்று சேர்ந்தன. ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரில் 2014-இல் நான்கு சக்கர இயக்கம் வந்தது, மேனுவல் கியரோடு மட்டும். கிளட்ச் இல்லாத டஸ்டர் கேட்டால் இரு சக்கர இயக்கம்தான் கிடைத்தது. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கே இந்தக் கதையில் ஒரு பங்குண்டு. மிட்சுபிஷியின் பஜேரோவும் பஜேரோ ஸ்போர்ட்டும் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் பூட்டப்பட்டன. இசுசு கம்பெனியும் இந்தியாவில் முதலில் அங்கேதான் தன் வண்டிகளைப் பூட்டியது. 2016-இல் எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. அந்த ஆலையின் வி-கிராஸ் 2016-இல் மேனுவலாக வந்து, 2019-இல் ஆட்டோமேட்டிக்கும் பெற்றது. 2020 அக்டோபரில் புதிய தார், 2023 ஜூனில் ஜிம்னி. இவை வந்த பிறகுதான் கிளட்ச் மிதித்தே அறியாதவர்கள் கையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் பரவலாக வந்து சேர்ந்தது. பழைய திருவள்ளூர் ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. அங்கே ஃபோர் வீல் பேச்சே இல்லை.

இனி, மலைச்சாலையில் ஏன் கூடாது என்பது. வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் வெளிவட்டத்திலும் பின் சக்கரங்கள் உள்வட்டத்திலும் போகின்றன. தாரின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2.45 மீட்டர். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவை அரைவட்டமாகச் சுற்றினால் சுமார் 18.8 மீட்டர் போகும். அதே நேரத்தில் முன் ஆக்சில் போகவேண்டிய தூரம் சுமார் 20.4 மீட்டர். ஒரே வளைவில் ஒன்றரை மீட்டர் வித்தியாசம். இரு சக்கர இயக்கத்தில் முன் ஆக்சில் தன் போக்கில் உருளுவதால் இது யாருக்கும் தெரிவதில்லை. தார், ஜிம்னி, இன்றைய ஃபார்ச்சூனர் போன்ற, தேவைப்படும்போது மட்டும் ஓட்டுநர் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் பார்ட் டைம் வண்டிகளில், ஃபோர் ஹை (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர நிலை) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே சுற்றுதான் சுற்றியாக வேண்டும். அந்த ஒன்றரை மீட்டரை எங்கே தள்ளுவது?

சேறாக இருந்தால் டயர் கொஞ்சம் வழுக்கித் தள்ளிவிடும். மணலிலும் அப்படியே. காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. போக இடமில்லாத முறுக்கு ஷாஃப்டிலும் ஜாயின்ட்டிலும் கிரவுனிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினிலும் ஏறி நிற்கும். ஸ்டீரிங் கனக்கும், வளைவில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி தயங்கும், டயர் கீச்சிடும், ஃபோர் ஹையிலிருந்து வெளியே வர லீவர் மறுக்கும். பிடி உள்ள சாலையில் கூடுதல் பிடி கேட்டதற்கான தண்டனை இது. வளைவுக்கு வளைவு முறுக்கு கூடிக்கொண்டே போய், பலவீனமான ஏதோ ஒன்று ஒருநாள் உடையும். அது உத்தரவாதத்தில் வராது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் சண்டை போடவும் வழியில்லை, கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே பார்க்கவேண்டியது சரிவை அல்ல, தரையின் பிடியை. திருத்தணி மலைச்சாலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அது தார். அதைவிட நீளமான திருமலை மலைப்பாதையும் தார்தான். 1944-இல் திறந்த காலம் முதல் இரு சக்கர இயக்கத்துப் பேருந்துகளே அதில் லட்சக்கணக்கான பேரை ஏற்றி இறக்கியிருக்கின்றன. மழை பெய்தாலும் நல்ல டயருக்கு ஈரத் தாரில் வளைவுகளில் போதுமான பிடி உண்டு. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வைத்தியம். ஃபோர் வீல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு உலவுகிறது. எல்லா வண்டியும் நான்கு சக்கரத்தாலும்தான் பிரேக் பிடிக்கிறது, ஆல்ட்டோ உட்பட.

மலையில் உண்மையில் உதவுவது ஆட்டோமேட்டிக் கியர்தான். கிருத்திகை நாளில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் தட்டு கருகும் வாடை மேனுவல் வண்டிகளிலிருந்துதான் வரும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பிரச்சினை இல்லை. ஏற்றத்தில் நிற்கும்போது மட்டும் வண்டியை ஆக்சிலேட்டரால் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கால் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்துப்போகும். இறக்கத்தில் டி-யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதும் தப்பு. சில வண்டிகளில் '2', 'எல்' என்று இருக்கும். சிலவற்றில் பிளஸ், மைனஸ் இருக்கும். எதுவானாலும் கீழ்க்கியரில் பூட்டி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குவதுதான் முறை. திருமலை போய்த் திரும்பும்போது பிரேக் சூடேறிப் பிடி விட்டுப்போவதெல்லாம் இதைச் செய்யாததால் வருவது.

அப்படியானால் இந்த ஊர்ப்பக்கம் ஃபோர் வீலுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, மலைக்குக் கீழே. மழைக்காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் போகும் மண்பாதைகள், ஏரிக்கரைகள், ஆற்று மணல். கரும்பு லோடு இழுக்கும் ட்ராக்டர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஃபோர் வீல் ட்ராக்டரில் கழனிக்குள் இறங்கும்போது முன் ஆக்சில் லீவரைப் போடுவார்கள். ரோட்டில் ஏறியதும் எடுத்துவிடுவார்கள், முன் டயர் தேய்ந்துபோகும் என்று. பல லட்சம் கொடுத்து எஸ்யூவி வாங்கியவருக்குச் சொல்ல வேண்டியிருப்பது இதுவேதான்.

மாற்றும் முறையில் கடினம் எதுவும் இல்லை. இரு சக்கர நிலையான டூ ஹையிலிருந்து ஃபோர் ஹைக்கு ஓடிக்கொண்டே மாறலாம். ஜிம்னியும் ஃபார்ச்சூனரும் மணிக்கு 100 கி.மீ. வரை அனுமதிக்கின்றன; அந்த வேகத்தில் செய்து பார்க்க ஒரு காரணமும் இல்லை, 40-50-இல் செய்தால் போதும். கியர் ராடு டி-யிலேயே இருக்கட்டும். ஸ்டீரிங் நேராக இருக்கவேண்டும், ஆக்சிலேட்டரிலிருந்து கால் லேசாக எடுபடவேண்டும். பின் சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது மட்டும் மாற்றக்கூடாது. வேகமாகச் சுழலும் பின் ஷாஃப்டோடு நின்றுகொண்டிருக்கும் முன் ஷாஃப்டைச் சேர்த்தால் பல்லோடு பல் மோதும். மாட்டிக்கொண்ட பிறகு போடுவதைவிட, சேறு தெரிந்ததும் இறங்குமுன்னே போட்டுக்கொள்வது நல்லது. திரும்பி டூ ஹைக்கு வரும்போது விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே முறுக்கு மிச்சமிருக்கிறது என்று பொருள். நேராகக் கொஞ்ச தூரம் போனால், அல்லது சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால், விடுபடும்.

வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபோர் லோ வேறு சங்கதி. அது ஓடிக்கொண்டே மாற்றுவதல்ல. பொதுவான முறை இது: வண்டியை முழுதாக நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, கியர் ராடை நியூட்ரலில் வைத்து, பிறகு டிரான்ஸ்ஃபர் லீவரையோ திருகையோ ஃபோர் லோவுக்குக் கொண்டுபோக வேண்டும், விளக்கு நிலையாக எரிந்த பிறகு டி. ஆட்டோமேட்டிக்கில் இந்த நியூட்ரல் ஏன் இத்தனை முக்கியம் என்றால், டி-யில் இருக்கும்வரை வண்டி நின்றாலும் கன்வெர்ட்டர் கியர் பெட்டியைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். மேனுவலில் கிளட்சை மிதித்தால் அந்தத் தள்ளல் அறுந்துவிடுகிறது. இங்கே அறுப்பதற்கு நியூட்ரலை விட்டால் வேறு வழியில்லை. அவசரத்தில் டி-யிலேயே லீவரை இழுத்து, 'கடகட' சத்தம் கேட்டுப் பதறுகிறவர்கள் உண்டு.

ஃபோர் லோவில் இழுவை ஜிம்னியில் சுமார் 2 மடங்கு, தாரில் சுமார் 2.5 மடங்கு கூடுகிறது. அதே அளவுக்கு வேகம் குறைகிறது. ஆற்றங்கரையின் செங்குத்து மண் ஏற்றம், உருண்டைக் கற்கள் கிடக்கும் பாதை, பள்ளத்தில் விழுந்த இன்னொரு வண்டியை இழுப்பது ஆகியவற்றுக்கு உரியது அது. பல வண்டிகளில் ஃபோர் லோ போட்டதும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு தானே அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப்பட்டு முதல் பூண்டி வரை கார் ஓட்டும் ஒருவருக்கு அது ஆண்டில் ஒருமுறை தேவைப்பட்டாலே அதிகம்.

இதைவிட ஆபத்தான ஒரு நிலை இருக்கிறது. அதைப் பற்றி விற்பனை மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. தாரின் டிரான்ஸ்ஃபர் லீவரில் ஃபோர் ஹைக்கும் ஃபோர் லோவுக்கும் நடுவே இன்னொரு நியூட்ரல் உண்டு. வண்டியைக் கட்டி இழுத்துப் போவதற்காக வைத்தது. லீவர் அதில் நின்றால் கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள் வண்டியை நிறுத்துவதற்கு 'பி'யை நம்புகிறார்கள். 'பி' என்பது கியர் பெட்டியின் வெளிஷாஃப்டைப் பிடிக்கும் ஒரு கொக்கி. சக்கரத்தை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கொக்கி பிடித்துக்கொண்டே இருக்கும், வண்டி உருண்டு போய்க்கொண்டே இருக்கும். மலைமேல் வண்டி நிறுத்தும் இடத்தில், குழந்தை விளையாட்டாக லீவரைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சரிவில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அதன் பிறகு 'பி' போடும் பழக்கம் எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் நல்லது. டிரான்ஸ்ஃபர் லீவர் உள்ள வண்டிக்குக் கட்டாயம்.

முதலில் சொன்ன ஃபார்ச்சூனர் விஷயத்துக்கு வருகிறேன். 2009-இல் இங்கே வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோரில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே ஒரு டிஃப்ரன்ஷியல் இருந்தது. வளைவில் வரும் அந்த ஒன்றரை மீட்டரை அது விழுங்கிக்கொள்ளும். அதனால் எப்போதும் நான்கு சக்கரத்திலேயே ஓடலாம், தார்ச்சாலையிலும் ஓடலாம். நடு டிஃப்ரன்ஷியலைப் பூட்டினால்தான் சிக்கல். 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்த நடு டிஃப்ரன்ஷியல் இல்லை. அது பார்ட் டைம் வண்டி. பழையதை ஓட்டிய டிரைவர் புதியதிலும் "எப்பவும் ஃபோர் வீல்லயே போவேன்" என்றால் முதலாளி பர்சுக்குத்தான் கேடு. நடு டிஃப்ரன்ஷியலை முதலில் பரவலாக்கியவை 1970-இன் ரேஞ்ச் ரோவரும் 1980-இன் ஆடி குவாட்ரோவும். மிட்சுபிஷி 1991 பஜேரோவில் இரு சக்கரம், நடு டிஃப்ரன்ஷியலோடு நான்கு சக்கரம், பூட்டிய நான்கு சக்கரம், பூட்டிய லோ என்று நான்கையும் ஒரே லீவரில் கொண்டுவந்தது. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விக்கு இயந்திரப் பொறியியல் கொடுத்த மிக நேர்த்தியான விடை அதுதான். விலையும் எடையும் காரணமாகப் பரவவில்லை.

இன்னொரு வகை, தேவைப்படும்போது தானே சேர்ந்துகொள்வது. ஹூண்டாய் டூசான், ஸ்கோடா கோடியாக் போன்றவற்றில் முன்சக்கரம் எப்போதும் ஓடும். வழுக்கல் வந்தால் மின்னணுக் கிளட்ச் ஒன்று பின் ஆக்சிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும். இவற்றில் ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டஸ்டரில் இதற்கு ஒரு திருகு இருந்தது: இரு சக்கரம், ஆட்டோ, லாக். 'லாக்' என்பது சேற்றில் மெதுவாகப் போக மட்டும். ஆட்டோவில் விட்டால் தார்ச்சாலையிலும் கெடுதல் இல்லை. இத்தகைய வண்டிகளில் மலை ஏறுகிறவர்கள் ஃபோர் ஹை பற்றிய எச்சரிக்கைகளை மறந்துவிடலாம். லோ மட்டும் அவற்றில் கிடைக்காது.

மின்வண்டி வந்ததும் கேள்வியே வேறாகிவிட்டது. 2025 ஜூனில் வந்த டாடா ஹேரியர் மின்வண்டியின் நான்கு சக்கர வகையில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். நடுவே ஷாஃப்டே கிடையாது. முறுக்கு ஏற இடமில்லை. தார்ச்சாலையிலும் சேற்றிலும் ஒன்றுதான்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்க்கதை முடியாது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொசஸ்தலை ஆற்று நீரின் ஒரு பங்கு இன்னமும் ஆந்திரத்திலிருந்துதான் வருகிறது. அங்கே கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் இங்கே பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. அப்போது "நம்ம வண்டி ஃபோர் வீலு" என்று இறங்குகிறவர்கள் உண்டு. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரில் போகும் என்று கம்பெனி சொல்வது நிற்கும் நீருக்கு. ஓடும் வெள்ளத்தில் ஓரடி உயரமே சிறு காரை நகர்த்தப் போதும். இரண்டடி பெரிய வண்டியையும் தள்ளும். டயர் தரையை விட்டு எழும்பிவிட்டால் நான்கு சக்கரம் சுழன்றென்ன, எட்டுச் சக்கரம் சுழன்றென்ன?

வாங்கப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். கோயிலுக்கும் திருப்பதிக்கும் சென்னைக்கும் போவதுதான் வேலை என்றால் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள், ஃபோர் வீலுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். தோப்பும் கழனியும் இருந்தால் பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர் வாங்குங்கள். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். அப்படிப்பட்ட வண்டியை வாங்கி மூன்று வருஷம் லீவரையே தொடாமல் வைத்திருப்பதும் கெடுதல்தான், முன் ஆக்சிலின் உள்பாகங்களுக்கு எண்ணெய் படாது. பார்ட் டைம் வண்டிகளை மாதம் ஒருமுறை 16 கி.மீ.யாவது நான்கு சக்கரத்தில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டா கையேடு. அதற்கு மழை பெய்து நனைந்த நேரான மண்பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மலைச்சாலையில் அந்தப் பயிற்சி வேண்டாம்.